உலகம்மன் பட்டு மாளிகையின் இரண்டாவது நயினார்

தென்காசி உலகம்மன் பட்டு மாளிகையில் சேலை விரித்துக் காட்டுகிற நயினார் என்று ஒரே ஒருவன் இருந்த காலம் உண்டு என்று சொன்னால், இன்றைக்கு எங்கள் பஜாரில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், நம்புகிற மீதிப் பேரும் அந்த ஒருவன் எந்த நயினார் என்று கேட்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த ஒருவன் நான்தான், அவன் எனக்குப் பிறகு வந்தவன், இதில் சந்தேகம் உள்ளவர்கள் என் தொப்பையைப் பார்த்துக்கொள்ளலாம், அவனுக்குத் தொப்பை கிடையாது.

பட்டுக் கடையில் சேலை விரிக்கிறவன் அதைத் தன் உடம்பிலேயே கட்டிக் காட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேட்டி சட்டைக்கு மேலே கொசுவத்தைச் செருகி, முந்தியைத் தோளில் எறிந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றால், எதிரே வெள்ளை விரிப்பில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு என் மீசையும் முழங்கை முடியும் மறைந்துபோய், அந்தச் சேலையில் அவளே தெரியவேண்டும், அவள் மட்டும் தெரிந்தால் போதாது, அவளைப் பார்த்து ஓரகத்தி புகைவதும் தெரியவேண்டும். முப்பது வருஷம் இதைச் செய்தேன். செங்கோட்டையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் மலை தாண்டிப் புனலூரிலிருந்தும் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற கூட்டம், நயினார் சாப்பிடப் போயிருக்கிறார் என்றால் கூல் டிரிங்க்ஸ் குடித்துக்கொண்டு காத்திருக்கும், வேறு ஆள் விரித்தால் கண்ணெடுத்துப் பார்க்காது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

முதலாளி மகன் கார்த்தீசன் பெங்களூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்தபோது, முகத்தில் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தான். ஷார்ஜாவில் இருக்கிற பெண் தன் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டே அதை மாட்டினால் எங்கள் கடை மாடியில் உட்கார்ந்திருப்பாள், அவளுடைய அம்மா பாவூர்சத்திரத்தில் மாட்டினால் மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், இரண்டு பேரும் தொடையில் தட்டிக்கொண்டு கரை நல்லாயில்லை, முந்தி நல்லாயில்லை என்று நொட்டை சொல்லலாம், கடை அப்படியே இருக்கும், ரேக்குகள் மட்டும் மதுரை வரைக்கும் நீண்டுகொண்டே போகும்.

"இனிமே நம்ம கடைக்குச் சுவரே கெடையாது அண்ணாச்சி" என்றான் கார்த்தீசன்.

"சுவர் இல்லாட்டியும் விரிக்கதுக்கு ஒரு ஆள் வேணும்லா தம்பி?" என்று நான்தான் கேட்டேன், என் வாயால் கேட்டேன்.

"அதுக்குத்தான நீங்க இருக்கீங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நான் முதலாளி செலவில் மூன்று நாள் வைத்துக்கொண்டேன். உடம்போடு ஒட்டிய கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பொட்டுகளை ஒட்டி, சுற்றிலும் நாற்பது காமிராக்களை நிறுத்தி, கையெடுப்பு, கழுத்துத் திருப்பு, "அக்கா, ஒங்க நிறத்துக்கு இது எடுத்துக் குடுக்கும்" என்று சொல்லும்போது புருவம் ஏறுகிற ஏற்றம், நடுவில் நான் டீ குடித்தது, முதுகு சொறிந்தது, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மதியம், பில் போடுகிற பரமசிவம் அண்ணாச்சி இறந்துவிட்டதாகச் செய்தி வந்து, நான் துண்டை வாயில் வைத்து அழுதபோது, அதையும் அந்த இயந்திரம் விடவில்லை. பிறகு கார்த்தீசன் உட்கார்ந்து தொப்பையைக் கரைத்து, நரையைக் கறுப்பாக்கி, பேச்சுக்கு நடுவே வருகிற இருமலைப் பிடுங்கிப் போட்டான், இதெல்லாம் வேண்டாம்லா அண்ணாச்சி என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்தான், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன்.

இப்படி உண்டான இரண்டாவது நயினார் மாடியில், கண்ணாடிக்குள், வேலைக்குச் சேர்ந்தான். அந்த ஆடிக்கும் அந்தத் தீபாவளிக்கும் ஒரே நேரத்தில் எண்பது பெண்களுக்கு எண்பது இடங்களில் உட்கார்ந்து சேலை விரித்தான், எண்பது பேரும் தனக்கு மட்டும்தான் விரித்தான் என்று நினைத்தார்கள். அதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, கண்ணாடி மாட்டாத எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்படி, வேட்டி நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, அவன் மாடிப்படி இறங்கி வந்தான்.

எதிர்க்கடை டீ மாஸ்டர், "சீனி கம்மியாத்தான?" என்று கேட்டு அவன் கையில் கிளாஸைக் கொடுத்தார். மூன்று நாள் படப்பிடிப்பில் நான் டீ குடித்திருந்ததால் அவனுக்கும் கிளாஸைப் பிடிக்க முடிந்தது. எப்படி வந்தான், எதனால் வந்தான் என்று பஜாரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, மதியம் அவனுக்குச் சாப்பாட்டு நேரம் எத்தனை மணி என்றுதான் கேட்டார்கள். வியாபாரிகள் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, இவர்கள் ஒரு ஆளா இரண்டு ஆளா என்று இரண்டு மணி நேரம் பேசி, வடையும் காப்பியும் சாப்பிட்டு, வேலை நேரத்தில் இரண்டு, ஓட்டுப் போடும்போது ஒன்று என்று முடிவு செய்தது. கோயிலில் குருக்கள், ஒரே நட்சத்திரம்தானே என்று ஒரே அர்ச்சனையில் முடித்து, விபூதியை மட்டும் இரண்டாகக் கொடுத்தார். ரேஷன் கடையில் அவன் விரலை வைத்தபோது என் கட்டைவிரல் ரேகை விழுந்து அந்த மாதச் சர்க்கரை அவன் கைக்குப் போனது, அதை அவன் ஒழுங்காக என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ஆவுடையம்மாள், அதாவது என் வீட்டுக்காரி, அவனை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஊருக்கே அது பழகிவிட்டது. பியூட்டி பார்லர் சகாயமேரி இரண்டானாள், கல்யாணத் தரகர் இரண்டானார், இன்சூரன்ஸ் ஏஜென்ட் மூன்றாகி வீட்டில் சண்டை வந்து திரும்ப இரண்டானார். கண்ணாடிக்குள் கடை போட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துணையை இறக்கிக்கொண்டு, தாங்கள் போகமுடியாத விசேஷத்துக்கு அவர்களை அனுப்பினார்கள். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுகிறவர்கள் இலை போடும்முன் தோளைத் தொட்டுப் பார்க்கப் பழகினார்கள், ஈரக் கை ஒட்டாவிட்டால் தாம்பூலப் பையை மட்டும் கொடுத்து வழியனுப்பினார்கள். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்வந்தால் இந்த மாதிரி ஆட்கள் குளிக்கவேண்டுமா என்ற கேள்வி வந்தபோது, தண்ணீர் ஒட்டாதவனுக்குத் தீட்டும் ஒட்டாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதிலும் என்னுடையவனுக்குத் துட்டி வீடுகளில் ஏக மரியாதை, பரமசிவம் அண்ணாச்சிக்காக நான் அழுத அழுகை அவனிடம் அப்படியே இருந்ததால், யார் செத்தாலும் துண்டை வாயில் வைத்து அவன் அழுதால் வாசலில் நிற்கிறவர்களும் அழுதார்கள். என் அழுகையைக்கூட அவன் என்னைவிட நன்றாக அழுதான்.

கடையில் எனக்கு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? "நீங்க இருங்க அண்ணாச்சி, சின்னவரு வரட்டும்" என்றார்கள், முப்பது வருஷம் எனக்காகக் கூல் டிரிங்க்ஸ் குடித்துக் காத்திருந்த அதே குடும்பங்கள். சின்னவராம். என் புருவம், என் கழுத்து, நான் பதினெட்டு வயதில் இருந்து உள்ளங்கை தேயத் தேய்த்துப் பழகிய மடிப்பு, அதற்குச் சின்னவர் என்று பெயர். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால்கூடத் தாங்கலாம், இது நான் வளர்க்காமலே என் மார்பை எடுத்துக்கொண்டு பாய்ந்தது. பெட்டிகளைத் தூசி தட்டிக்கொண்டு, அவன் விரிப்பதை ஓரக்கண்ணால் பார்ப்பேன், எங்கேயாவது தப்புச் செய்யமாட்டானா என்று பார்ப்பேன், செய்யமாட்டான், நான் தப்புச் செய்யாத மூன்று நாளால் ஆனவன் அவன்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனி மாதம் சாரல் தொடங்கிய வாரத்தில், பில் கவுண்டரில் இருக்கிற இந்திராணி, "மதினி வியாழக்கிழமை ஆனா வந்திருதாங்களே, இன்னுமா ஒரு சேலையும் பிடிக்கல?" என்று என் வீட்டுக்காரியைப் பற்றி என்னிடம் வெள்ளந்தியாகக் கேட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆவுடை வந்தாள், குடையை மடக்கி வாசலில் வைத்தாள், வெள்ளை விரிப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் அவளுக்கு எதிரே நின்று ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று விரித்தான். "இந்தக் கழுத்துக்கு அகலக் கரை வேண்டாம்க்கா, ஒங்க முகத்த அது பேசவிடாது" என்றான், அது என் வசனம், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் புளியங்குடி டாக்டரம்மாவுக்கு நான் சொல்லி, காமிரா முன்னாலும் சொல்லிக் காட்டியது. அதைக் கேட்டு ஆவுடை தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு வயிற்றிலிருந்து காது வரைக்கும் எரிந்தது.

"எங்க போயிருந்த?" என்று வீட்டில் கேட்டேன்.

"கடைக்கு."

"எந்தக் கடைக்கு?"

"ஒங்க கடைக்குத்தான். எனக்கு வேற எந்தக் கடையத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குத் தாளித்தாள்.

"என்னத்த வாங்குன?"

"ஒண்ணும் வாங்கல. பாத்தேன்."

பார்த்தாளாம். எதைப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். என் பெண்டாட்டி என்னை விட்டுவிட்டு என்னிடமே போய்விடுவாள் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறொருவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம், இவன் சட்டையும் என் சட்டை. கார்த்தீசனிடம் போய், தம்பி அவனை அணைத்துப்போடுங்கள் என்று கெஞ்சினேன். அணைக்கிற பொத்தான் சின்னவர் படியிறங்கிய அன்றைக்கே வேலை செய்யாமல் போய்விட்டது என்றான். சங்கத் தலைவரிடம் பிராது சொன்னேன்.

"ஒம் பொண்டாட்டி ஒன்னப் பாக்கப் போயிருக்கா, இதுல பஞ்சாயத்து எங்கவே இருக்கு?" என்று சொல்லி அவர் சிரித்தார், பக்கத்தில் இருந்த அவருடைய இரண்டாவது ஆளும் அதே மாதிரி சிரித்தார்.

ஆகவே நான் அவனாகிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த வியாழக்கிழமை காலையில் தலைக்கும் மீசைக்கும் மை அடித்தேன், தொப்பையைச் சுற்றி ஆறு முழத் துணியை இறுக்கிக் கட்டினேன், இருமல் வராமல் இருக்க வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டேன். மதியம் அவனைக் கூப்பிட்டு, இலஞ்சியில் ஒரு துட்டி, எனக்குப் பதிலாகப் போய்வா என்றேன். யார் என்ன என்று கேட்காமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற சாரலில் குடையில்லாமல் நடந்து போனான். போகும்போது நடையில்கூட ஒரு குறையும் இல்லை, பாவி.

மூன்று மணிக்கு ஆவுடை வந்து உட்கார்ந்தாள். நான் விரிக்கத் தொடங்கினேன். சொல்கிறேன் கேளுங்கள், அன்றைக்கு விரித்த மாதிரி என் ஆயுளில் நான் விரித்ததில்லை, மயில் கழுத்து விரித்தேன், வாடாமல்லி விரித்தேன், மூச்சை அடக்கிக்கொண்டு முந்தியை எறிந்தேன், "இதக் கட்டிக்கிட்டுப் போனீங்கன்னா பொண்ணுக்கு அக்காவான்னு கேப்பாங்க" என்றேன், அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் மை அடித்தேன், துணி கட்டினேன், ஆனால் அது வந்ததும் இது அவனுக்கான சிரிப்பல்லவா என்று தோன்றி, கையில் இருந்ததை மடிக்காமலே தள்ளிவிட்டு அடுத்ததை உருவினேன்.

"இன்னைக்கு எனக்குன்னு ஒண்ணு எடுத்துரலாம்னு இருக்கேன் அண்ணாச்சி" என்றாள். "நீங்களே ஒண்ணு எடுத்துப் போடுங்க."

என் கை போயிற்று. மேல் தட்டுகளில் இருநூறு பட்டு இருக்க, அது தானாகக் கீழே போய், அடித்தட்டில், சுவரோரமாகக் கிடந்த காப்பிக்கொட்டை நிறச் சேலை ஒன்றை உருவி எடுத்து அவள் முன்னால் போட்டது.

"இது அழுக்குத் தாங்கும்" என்றது என் வாய்.

முப்பது வருஷத்தில் எந்த வாடிக்கைக்காரியிடமும் நான் சொல்லாத வார்த்தை அது. வீட்டுக்கு எடுத்துப் போகிற சேலைக்கு மட்டும் சொல்கிற வார்த்தை, தீபாவளிக்குத் தீபாவளி, பொங்கலுக்குப் பொங்கல், விற்காமல் தங்கியதில் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், விரிக்காமல், மடிப்புக்கூடப் பிரிக்காமல், கட்டிலில் போட்டுவிட்டுச் சொல்கிற வார்த்தை.

ஆவுடை சேலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"என்னக்கா கேக்கீங்க?" என்றேன், அவன் குரலில்.

"மொதல்ல வயித்துல கட்டியிருக்கறத அவுங்க. மூச்சு முட்டிச் செத்துப்போயிராதீங்க."

கட்டை அவிழ்த்தேன், கிராம்பைத் துப்பினேன், அடக்கிவைத்த இருமல் அத்தனையும் சேர்ந்து வந்தது. இருமி முடித்ததும் எனக்குக் கோபமும் வந்தது. "அவங்கிட்ட என்னட்டி இருக்கு? அவன் கை என் கை, அவன் பேச்சு என் பேச்சு. எல்லாம் எங்கிட்டருந்து எடுத்தது!" என்று கத்தினேன். பில் கவுண்டர்வரைக்கும் கேட்டிருக்கும்.

"தெரியும்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அதனாலதான் வாரேன். வேற ஆம்பளன்னா நான் எதுக்கு இந்தப் படி ஏறப்போறேன்? கோயிலுக்குப் போனா, கல்யாண வீட்டுக்குப் போனா, 'ஒங்க வீட்டுக்காரரு விரிச்சா அப்படி ஒரு அழகு, அப்படி ஒரு பேச்சு'ன்னு ஒவ்வொருத்தியா வந்து சொல்லுவா. நானும் சிரிச்சுக்கிட்டே நிப்பேன், உள்ள வயிறு பத்திக்கிட்டு எரியும். அவளுக எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள எனக்குத் தெரியாதே! ஒருத்தி மேல பொறாமன்னா அவ வீட்டு வாசல்ல போயிச் சண்ட போடலாம். ஜில்லாவுல இருக்க பொம்பளைக எல்லாரு மேலயும் பொறாமப்பட்டா நான் எங்க போயிச் சொல்ல?"

எனக்குப் பொறாமை வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவளுக்கு இருபத்தேழு வருஷம்.

"உக்காரு, நான் விரிக்கேன்" என்றேன். "மேல் தட்டுலருந்தே எடுக்கேன்."

"வேண்டாம். ஒங்க கைக்கு என்னய நல்லாத் தெரியும், நேராக் கீழ போயிரும்."

அப்போது அவன் இலஞ்சியிலிருந்து திரும்பி வந்தான். அத்தனை சாரலிலும் ஒரு சொட்டு நனையாமல், கண் மட்டும் சிவந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படியேறினான். என்னையும் என் தலையில் வழிகிற மையையும் பார்த்தான், அதைப் பற்றி ஒன்றும் கேட்கத் தெரியாமல் நின்றான், படம் பிடித்த அந்த மூன்று நாளில் நான் யாரையும் இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் ஆவுடை அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க எந்திரிங்க. போயி அந்தப் பெஞ்சில உக்காருங்க."

அந்தப் பெஞ்சு சுவரை ஒட்டிக் கிடக்கிறது, மின்விசிறிக்குக் கீழே. சேலை எடுக்க வருகிற பெண்களின் புருஷன்மார் உட்காருகிற இடம் அது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும், செல்போனைத் தடவிக்கொண்டும், மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் எங்களுக்கு வாடிக்கையில் சேர்த்தியில்லை. நான் முப்பது வருஷமாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே கிடையாது. அன்றைக்குத்தான் போனேன். சுரண்டையிலிருந்து வந்த ஒருவர் மஞ்சப்பையை நகர்த்தி இடம் கொடுத்தார், உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் கடை வேறு மாதிரி இருந்தது. பெண்களின் முதுகு தெரிந்தது, அவர்களுக்கு எதிரே சேலை கட்டி நிற்கிற ஆணின் முகம் தெரிந்தது, தன் பெண்டாட்டியின் கழுத்தைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் இன்னொருவன் இவ்வளவு அழகாகப் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷமாக இந்தப் பெஞ்சில் இருந்து எத்தனை பேர் என்னைப் பார்த்து எரிந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை.

அவன் விரித்தான். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை வைத்த ஒன்றைக் கட்டித் தோளில் முந்தி போட்டுத் திரும்பியபோது, எனக்கே அவன் முகம் மறைந்து அதில் ஆவுடை தெரிந்தாள், இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாளும் நான் அப்படிப் பார்க்காத ஆவுடை. எனக்கு அவனைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

அவள் உட்கார்ந்தபடியே பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இது எனக்கு எப்படி இருக்கும்?"

வாய் திறந்தால் ஆயிரம் வசனம் கொட்டுகிறவன் நான், எனக்கு ஒன்றும் வரவில்லை. அவனுக்கு வந்துவிட்டது. புருவத்தை ஏற்றி, "அக்கா, ஒங்க நிறத்துக்கு..." என்று தொடங்கினான்.

ஆவுடை அவன் பக்கம் திரும்பாமல் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. நான் எங்க வீட்டுக்காரரக் கேட்டேன்."

பெஞ்சில் இருந்த புருஷன்மார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கும்ட்டி" என்றேன், அவன் தோளில் கிடந்த அந்தச் சேலையைப் பார்த்து வயிறு எரிய.